தொடக்கநிலை ஆண்களுக்கான நிறைவு வகுப்பு

வகுப்பு நடந்த நாட்களில் மாடி அறையில் இருந்தவர்கள் இன்னார் இன்னார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நானும் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு ஊரில் பலர் கிளம்பிவிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஆண்கள் நல அலுவலகத்தின் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் ஒழுக்கப் பிரிவுத் துணை இயக்குநர். இடப்பக்கம், பாடம் சொல்ல நியமிக்கப்பட்ட விரிவுரையாளர். வாசற்படியில் அழைப்பாளர், தொண்டை வளத்துக்காகவே வேலை கிடைத்தவர். எதிரே நாற்காலிகளில் கற்க வந்தவர்கள்: ஒரு பஸ் டிரைவர், ஒரு தையல்காரர், ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல் வந்து அங்கே முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்ட ஓர் அண்ணன் தம்பி. எல்லோருக்கும் பின்னால், நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த முத்திரைக்காரர். கடைசி நாளன்று மட்டும் அவருடைய மனைவி. இடையில் ஒரே ஒரு நாள் வந்துபோன மேலதிகாரியைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

யாருக்கும் பெயர் இல்லையே என்று கேட்கக்கூடாது. அது அலுவலகத்தின் விதி. வருகிறவர்களின் மானம் காக்கப்பட வேண்டும் என்பதற்காக எவருடைய பெயரையும் உச்சரிப்பதில்லை, எழுதுவதில்லை என்று இயக்குநர் உறுதிமொழியே எடுத்திருந்தார்.

முத்திரைக்காரர் என்பது கடைத்தெரு வைத்த பெயர். அவர் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்தும் எடை அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் தலை காட்டினால் தராசுத் தட்டுகள் தாமாகவே நேராகிவிடும் என்பார்கள். யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. எந்தக் கடைக்காரனும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. அவருடைய தகப்பனாரும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் முதுகெலும்பு மட்டும் சொத்தாக வந்துகொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த மாடிப்படி ஏறியதற்குக் காரணம் ஒரு சுரப்பி. புராஸ்டேட் வீங்கி, சிறுநீர் அடைத்து, ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷனுக்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. கட்டிலில் மனைவியோடு சேர்ந்திருந்த ஒரு நாள், கடைசியில் வெளியே வர வேண்டியது வரவில்லை. தன் ஆண்மைக்கு யாரோ முத்திரை வைத்து மூடிவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டார். மறுநாளிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஏன் என்று சொல்லவில்லை. சொல்வது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை.

மனைவி பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நான் அந்த ரூம்ல படுத்துக்கவா? என்னால உங்களுக்குத் தூக்கம் கெடுது போல."

வேண்டாம் என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் அந்த அம்மாள் கேட்டார்.

"ஆமா," என்றார் முத்திரைக்காரர்.

தலையணை கூடத்தைக் கடந்து போனது. அதைத் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவருவது எப்படி என்பதுதான் அதற்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே கவலை. அதற்காகவே மறுபடி டாக்டரிடம் போனார், உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் அது வெளிய வராது. உள்ளயே மூத்திரப் பையில போய்ச் சேந்துடும். கெடுதல் ஒண்ணும் இல்ல. ஆனா சுகமே போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. வெளிய வர்றது வேற, சுகம் வேற. இத்தனை வருஷம் ரெண்டும் ஒண்ணா வந்ததால ஒண்ணுதான்னு நினைச்சுட்டோம்."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"புண் நல்லா ஆறிடுச்சு. அந்தச் சுரப்பியை உள்ள இருந்து இதமா அழுத்திப் பழகிக்கலாம். ஒண்ணுமே வெளிய வராம நிறைவு கிடைக்கும். சில பேருக்கு முன்னைவிட நல்லாவே இருக்கும். ஆனா பழகணும்."

"எப்படின்னு சொல்லுங்க."

"அதைத்தான் நான் சொல்லக்கூடாது. வைத்தியம் என் பொறுப்பு. ஆலோசனை சொல்ற உரிமை ஆண்கள் நல அலுவலகத்துக்கு மட்டும்தான். தொடக்கநிலை வகுப்பு நடத்துறாங்க. ரகசியமா இருக்கும்."

ரகசியம் என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் முத்திரைக்காரர் போனார்.

அலுவலகம் கடைத்தெருவுக்கு நட்டநடுவில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே காத்திருக்கச் சொன்னார்கள். ரொட்டிக்கடை வாசலில் ஏதோ ரொட்டி வாங்க வந்தவரைப் போல அவர் நின்றுகொண்டிருந்தார். அழைப்பாளர் படியின் உச்சியில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"சைக்கிள் கடைச் சந்துல, மஞ்சள் கேட் போட்ட வீடு. எடை அளவை ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவர். புராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர். படுக்கைச் சிக்கல். மேல வரலாம்."

ரொட்டிக்கடையில் பல்லிடுக்கில் ரொட்டியோடு எல்லோரும் அப்படியே நின்றார்கள். எதிர்க்கடையில் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதை நேராக்க யாருக்கும் தோன்றவில்லை.

முத்திரைக்காரர் மேலே போய் மேசையின் முன் நின்றார். "இதுதான் ரகசியமா?"

துணை இயக்குநர் புண்பட்டவராக நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, உங்கள் பெயரை யாராவது சொன்னார்களா?"

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொன்னாரே."

"பெயரைச் சொல்லவில்லை அல்லவா? அதுதான் ரகசியம். பெயரைச் சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் யார் என்று தெரிந்துவிடும்."

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தவரை விரிவுரையாளர் தணிந்த குரலில் தடுத்தார். பாதியில் போகிறவர்களும் தேர்ச்சி அடையாதவர்களும் தெருவைப் பார்த்த அறிவிப்புப் பலகையில் ஏற்றப்படுவார்கள். பெயர் இருக்காது, விவரம் மட்டும் இருக்கும். முத்திரைக்காரர் உட்கார்ந்தார். நாற்காலியில் முதுகு படவில்லை.

முதல் வகுப்பு முழுவதும் இயக்குநரின் வரவேற்புரைக்குப் போயிற்று.

"நண்பர்களே, நீங்கள் கற்க வந்திருக்கும் நிலை எளிதானது அல்ல. வெளியே எதையும் விடாமல் உள்ளுக்குள் முழுத் திருப்தி அடைவது என்பது பெரும் கட்டுப்பாடு. ஆனால் முடியாதது அல்ல. இந்த அலுவலகத்தையே பாருங்கள். தொடங்கிய நாள் முதல் இன்றுவரை இங்கிருந்து ஒரு கையேடு வெளிவந்ததில்லை. ஒரு மருந்து வெளியே போனதில்லை. கற்றுத் தேறி வெளியே போனவர் என்று ஒருவரும் இல்லை. இருந்தும் நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் முழுத் திருப்தி அடைகிறோம். எங்களால் முடிகிறது என்றால் உங்களால் ஏன் முடியாது?"

துணை இயக்குநர் கை தட்டினார். டிரைவர் தையல்காரரின் காதில், "இவர் சொல்றதைப் பாத்தா வகுப்பே தேவையில்ல போலிருக்கு, இங்க வேலைக்குச் சேந்தா போதும்," என்றார்.

அடுத்துத் துணை இயக்குநர் எழுந்தார். "ஒழுக்கம் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஐந்து பிள்ளைகள். அது எப்படி நேர்ந்தது என்று இன்றுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. என் மனைவியிடம்கூடப் பேசியதில்லை. அந்தக் கண்ணியத்தை உங்களிடமும் எதிர்பார்க்கிறேன். ஆகவே இங்கே எந்த உறுப்பின் பெயரும் உச்சரிக்கப்படாது. சம்பந்தப்பட்ட பகுதி என்று சொன்னால் போதும்."

இரண்டாம் வகுப்பு நகம் பற்றியது. விரலால் செய்கிற காரியம், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், ஓரம் மழுங்கியிருக்க வேண்டும், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்று விரிவுரையாளர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பாடத்திலேயே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது நகம் ஒன்றுதான் என்பதைத் துணை இயக்குநர் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு வகுப்புகள் நகத்தை விட்டு நகரவே இல்லை. உள்ளே நுழையும்போது ஒரு பார்வை, வெளியே போகும்போது ஒரு பார்வை. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து எல்லோருடைய கையையும் தூக்கிப் பார்த்துவிட்டு, நாடே பெருமைப்படும் நகங்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். வாழ்நாள் முழுக்கப் பிறர் தராசைச் சோதித்த முத்திரைக்காரர், பள்ளிக்கூடப் பையனைப் போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். தன் முன்னால் எத்தனை கடைக்காரர்கள் இப்படி நின்றார்கள் என்ற நினைப்பு வந்தது. அவர்களுக்காக வருத்தப்பட்டாரா என்றால், இல்லை.

கடைசியாக ஒரு நாள் மாதிரி உருவம் மேசைக்கு வந்தது. வெளியூரிலிருந்து வரவழைத்த ரப்பர் உருவம். ஒழுக்கம் கருதி அதை மேலிருந்து கீழ்வரை தடித்த துணியால் சுற்றித் தைத்திருந்தார்கள். பார்க்க மடித்து வைத்த மெத்தை மாதிரி இருந்தது.

விரிவுரையாளர் குச்சியை எடுத்தார். "சம்பந்தப்பட்ட வழியாக, சம்பந்தப்பட்ட விரலை, சம்பந்தப்பட்ட பகுதியை நோக்கி..."

"எந்தப் பக்கம்யா அது?" என்றார் டிரைவர். "ஸ்டியரிங் பக்கமா, பின் சீட்டுப் பக்கமா?"

துணை இயக்குநர் மேசையைத் தட்டினார்.

"தொப்புள் பக்கம், அண்ணே," என்று தையல்காரர் முணுமுணுத்தார். உள்ளே கை விட்டு மறுபக்கத் துணியை உணர்வது அவருக்குத் தொழில். "இடது பக்கமாப் படுத்து, முழங்காலை மடக்கிக்கணும். விரல் நுனியால குத்தக்கூடாது, விரலோட சதையால முன்பக்கமா தேடணும். சரிதானே ஐயா?"

விரிவுரையாளர் துணை இயக்குநரைப் பார்த்தார். அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். சட்டென்று விரிவுரையாளரின் குரல் மனிதக் குரல் ஆயிற்று.

"சரிதான். அவசரமே கூடாது. முதல்ல வயிறு காலியா இருக்கணும், சுத்தம் பண்ணிக்கணும். வழுவழுப்பான களிம்பு தாராளமா வேணும், எச்சில், சோப்பு எல்லாம் ஆகாது. வெளியிலயே கொஞ்ச நேரம் இதமா வெச்சிருந்து, உடம்பு தானா விட்டுக்கொடுத்த பிறகுதான் உள்ள. உருண்டையா, மெத்துனு விரல்ல தட்டுப்படும். கண்ணிமை மேல விரலை வெக்கிற மாதிரி, அவ்வளவு லேசா. வலிச்சா நிறுத்திடணும். காய்ச்சல், எரிச்சல், ரத்தம் இருந்தா தொடவே கூடாது, டாக்டர்கிட்ட போகணும். மூச்சை அடக்காதீங்க, நீளமா விடுங்க. முதல்ல ஒண்ணும் தெரியாது. ஒண்ணுக்கு வர்ற மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். வரணும் வரணும்னு துரத்தினா வராது. ஒரு நாள் அலை மாதிரி தானா எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். வெளிய ஒண்ணும் வராததால முடிஞ்சுபோச்சுன்னு இருக்காது."

அண்ணன் தம்பி இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"தனியாத்தான் செய்யணுமா?" முத்திரைக்காரர் அந்த அறையில் கேட்ட ஒரே கேள்வி அது.

"வேண்டியதில்லையே. வீட்டுல மனசு விட்டுப் பேசிட்டு, அவங்க கையாலயே..."

"போதும்," என்றார் துணை இயக்குநர். விரிவுரையாளரின் குரல் மறுபடி சம்பந்தப்பட்ட குரலாகிவிட்டது.

ஒரு மத்தியானம், மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தபோது, முத்திரைக்காரர் தன் அறையைத் தாழிட்டுக்கொண்டார். துண்டை விரித்து இடது பக்கமாகப் படுத்தார். அறுபது வயது கடந்த உடம்பு முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அந்த முதுகு வளைந்திருந்தது. சொன்னதைச் சொன்னபடியே செய்தார். அவசரப்படவில்லை. முதல் சில மத்தியானங்களில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் எங்கேயோ அடிவயிற்றில் ஒரு கதகதப்பு கிளம்பி, தொடை வழியாகப் பரவி, கண்ணோரம் ஈரமாகும் அளவுக்கு நின்று, மெல்ல அடங்கியது. வெளியே ஒன்றும் வரவில்லை. உள்ளே எதுவும் செத்துப்போகவில்லை என்று மட்டும் தெரிந்தது.

அவருக்கு முதலில் வந்த எண்ணம், இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்பது.

கதவு தட்டப்பட்டது. "ஏங்க, உள்ள என்ன பண்றீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. "ஒண்ணுமில்ல. கணக்குப் பாக்கறேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்து போயிற்று.

தேர்வு வந்தது. துணை இயக்குநர் விளக்கினார். "வெளியீடு இருந்தால் கண்ணால் பார்த்துத் தேர்ச்சி வழங்கிவிடலாம். இங்கே வெளியீடு இல்லாமல் இருப்பதுதான் தேர்ச்சி. இல்லாத ஒன்றை எப்படிப் பார்ப்பது? ஆகவே வீட்டார் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்."

"எனக்கு வீட்டாரே கிடையாதே," என்றார் டிரைவர். "அவ போய்ச் சேந்து எத்தனையோ காலம் ஆச்சு."

"பக்கத்து வீட்டார் வரலாம்."

டிரைவர் அன்றே வகுப்பை விட்டார். பலகையில் ஏறினாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுப் போலீஸ்காரரைக் கூட்டி வர முடியாது என்றார். அண்ணனுக்குத் தம்பியும் தம்பிக்கு அண்ணனும் சாட்சி சொல்லலாம் என்று இயக்குநர் ஒரு சலுகை அறிவித்தார். அவர்களையும் அதற்குப் பிறகு காணோம். தையல்காரர் மாமியாரின் ஊருக்கே குடிபோய்விட்டதாகத் தகவல் வந்தது.

மிஞ்சியவர் முத்திரைக்காரர். பலகைக்கும் அவருக்கும் நடுவே மனைவி ஒருத்திதான். வீட்டில் எப்படியாவது முதலில் தானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலை வேகமாக நடந்தார். சந்து திரும்பும்போதே குரல் கேட்டது. அழைப்பாளர் மஞ்சள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வீட்டு அம்மாவுக்கு அழைப்பு. உங்க வீட்டுக்காரர், வெளிய ஒண்ணும் வராம, உள்ளுக்குள்ள நிறைவு அடைஞ்சாரா இல்லையான்னு நாளைக்குக் காலைல வந்து சாட்சி சொல்லணும். பேர் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க."

அந்த அம்மாள் கேட்டின் மேல் கை வைத்தபடி நின்றார். சைக்கிள் கடையில் காற்றடிப்பது நின்றிருந்தது. முத்திரைக்காரர் எல்லோரையும் தாண்டி, யாரையும் பார்க்காமல், உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அந்த அம்மாள் வெளியே போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவருக்கு ஓரடி பின்னால் நடந்து, படியேறி வந்தார். அறைச் சன்னல்கள் திறந்திருந்தன. சாட்சியம் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பது விதியாம். ஒவ்வொரு பதிலையும் அழைப்பாளர் வாசற்படியில் நின்று கீழே திருப்பிச் சொல்லுவார்; பெயர் இல்லாமல்.

"கூச்சப்படாதீர்கள் அம்மா," என்றார் இயக்குநர். "இது முழு ரகசியம். உங்கள் கணவர் நிறைவு அடைந்தாரா?"

"இவர் இங்க என்ன கத்துக்கிட்டார்னு முதல்ல சொல்லுங்க. தெரியாம எப்படிச் சாட்சி சொல்றது?"

துணை இயக்குநர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "அதை ஒரு பெண்மணியின் முன்னால் பேச முடியாது."

"என்னன்னு எனக்குச் சொல்ல மாட்டீங்க. நடந்துச்சான்னு மட்டும் நான் உங்களுக்குச் சொல்லணும்."

"ஆமாம். அதுதான் முறை."

அந்த அம்மாள் மேசையை விட்டுத் திரும்பினார். கணவரைப் பார்த்தார். கோபம் இல்லை. கல்யாணமான புதிதில் சந்தை நெரிசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்த அதே பார்வை.

"நான் உங்களுக்குச் சலிச்சுப்போயிட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன்," என்றார் மெதுவாக. "நீங்க இங்க வந்தது எதுக்குங்க? என்கிட்ட திரும்பி வரத்தானா?"

பதில் அவர் வாய்க்குள் தயாராக இருந்தது. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் அழைப்பாளர் அதை ரொட்டிக்கடைக்கும் எதிர்க்கடைக்கும் கேட்கச் சொல்லுவார். அவரைக் கண்டு வியர்த்த கடைத்தெரு முழுவதும் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தகப்பனார் நினைவு வந்தது.

"டாக்டர் சொன்னார். உடம்புக்காக வந்தேன்."

"உடம்புக்காக."

"ஆமா."

முன்பு தலையணை கூடத்தைக் கடந்தது இதே 'ஆமா'வில்தான். அந்த அம்மாளுக்கும் அது நினைவிருந்திருக்க வேண்டும். முகத்தில் ஏதோ ஒன்று மடிந்து உள்ளே போனது. இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"நிறைவுதாங்க. எங்க வீட்டுல ஒரு குறையும் இல்ல. எழுதிக்குங்க."

"மஞ்சள் கேட் வீட்டுல ஒரு குறையும் இல்ல," என்று அழைப்பாளர் கீழே சொன்னார். கீழே சிலர் கை தட்டினார்கள்.

இயக்குநர் எழுந்து நின்று முத்திரைக்காரரின் கையைக் குலுக்கினார். "இந்த அலுவலகத்தின் முதல் வெற்றி நீங்கள். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே ஒரு துளி தெரியாமல் இருப்பதுதான் எங்கள் பாடம். உங்களைப் போல அதை முழுதாகக் கற்றவர் வேறு யாரும் இல்லை."

அவர் மனம் நிறைந்து சொன்னார். கேலி செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை.

குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது. பலகையில் முத்திரைக்காரரைப் பற்றி ஒரு வரியும் ஏறவில்லை. கடைத்தெருவில் அவரைக் கண்டால் இப்போதும் தராசுகள் நேராகின்றன. அவர் இப்போதும் முதுகு நிமிர்ந்துதான் நடக்கிறார்.

அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்று ரொட்டிக்கடையில் ஒரு பேச்சு நடமாடுகிறது. அது தவறு. அவர் எங்கும் போகவில்லை. கூடத்துக்கு அந்தப் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருக்கிறார் என்று சொல்வதும் தவறு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.